மலாக்காவுக்கு அரை நாள் போதுமா?

மலாக்கா மருமகள்:
நேற்று 'வாரக்கடைசி' எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "மலாக்காவுக்கு ஒரு நாளெல்லாம் எதற்கு, அரை நாள் போதும். சிவப்புக் கட்டடம், ஒரு சென்டோல் (தேங்காய்ப்பால் இனிப்புப் பனிக்கூழ்), ஜோங்கர் சாலையில் ஒரு நடை, திரும்பிவிடலாம்" என்கிறார். 1511-ல் போர்த்துக்கீசியர், 1641-ல் டச்சுக்காரர், அப்புறம் ஆங்கிலேயர் என்று மாறி மாறி ஆண்ட மலேசியத் துறைமுக ஊர் இது. அரை நாளில் என்னதான் பார்த்தீர்கள்?

வாரக்கடைசி:
அக்கா, கோலாலம்பூரிலிருந்து 150 கிலோமீட்டர்கூட இல்லை. காலை ஏழுக்குக் கிளம்பினேன், ஒன்பதுக்கு ஊருக்குள். சிவப்புக் கட்டடம், பக்கத்திலேயே 1753-ல் கட்டிய கிறிஸ்து தேவாலயம், மேடேறினால் செயின்ட் பால் தேவாலய இடிபாடு, அந்தப்பக்கம் இறங்கினால் கோட்டை வாசல். எல்லாம் கூப்பிடு தூரம். ஒரு மணிக்குக் காரை எடுத்துவிட்டேன். அரை நாள் போதும்.

சிரம்பான்வாசி:
அரை நாள் என்றால் பயண நேரத்தைச் சேர்த்தா, சேர்க்காமலா? அதைச் சொல்லிவிட்டுச் சண்டை போடுங்கள். கார் இல்லாதவன் பேருந்தில் இரண்டு மணி நேரம் போய், மலாக்கா சென்ட்ரல் பேருந்து நிலையத்தில் இறங்கி, ஊருக்குள் போக இன்னொரு பேருந்துக்குக் காத்து நிற்க வேண்டும்.

மலாக்கா மருமகள்:
ஒரு மணிக்குக் காரை எடுத்தாராம்! ஜோங்கர் இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மாலையில்தான் கூடும். அது போகட்டும். அந்தச் சாலைக்கு அடுத்த தெருவில் கால் வைத்தீர்களா? ஒரே தெருவில் 1781-ல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில், சற்றுத் தள்ளி கம்போங் கிலிங் பள்ளிவாசல், இன்னும் நடந்தால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். அந்தப் பள்ளிவாசலின் கோபுரம் சீனத்துப் பகோடா மாதிரி அடுக்கடுக்காக ஏறும். கூரை மூன்றடுக்கு. கீழே போர்த்துக்கீசிய ஓடுகள், மேலே சரவிளக்கு. அதைக் கட்டியவர்கள் நம் பக்கத்து முஸ்லிம் வணிகர்கள். நான் அங்கே போனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவேன். இவருக்கு அரை நாளாம்.

காரைக்குடி வம்சம்:
பொய்யாத விநாயகர் கோயிலைச் சொன்னதற்கு நன்றி. அதைப் பார்த்துக்கொள்வது எங்கள் நகரத்தார் செட்டியார்கள். அதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

மலாக்கா மருமகள்:
நிர்வாகம் உங்களுடையது, மறுக்கவில்லை. ஆனால் டச்சுக்காரர் நிலம் கொடுத்தது மலாக்கா செட்டிகளுக்கு. வட்டிக்கடை வைக்க நீங்கள் வந்தது அதற்கு அப்புறம்தான். மலாக்கா செட்டிகளோ சுல்தான் காலத்திலேயே வந்து, உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு தங்கியவர்கள். ஒவ்வொரு முறையும் செட்டியும் செட்டியாரும் ஒன்று என்று ஆக்கிவிடுகிறீர்கள்.

காரைக்குடி வம்சம்:
நான் எங்கே ஒன்று என்றேன்? போன வருஷம் பத்துமலைப் பேச்சிலும் இப்படித்தான், நான் சொல்லாததைச் சொன்னதாக எழுதினீர்கள். நான் மறக்கவில்லை.

வாரக்கடைசி:
கோயில் யாருடையதாக இருந்தால் என்ன, வெளியிலிருந்து பார்க்க ஐந்து நிமிடம். அரை நாள் போதும்.

மலாக்கா மருமகள்:
வெளியிலிருந்து! சரி, காஜா பெராங்கில் மலாக்கா செட்டிகள் வாழும் கம்போங் செட்டி? ஜோங்கரிலிருந்து அரை மணி நேரத்துக்குள் நடந்து போய்விடலாம். என் மாமியார் வீடு அங்கேதான். அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான் பேசுவார், மலாய் மேலாடையான கெபாயாதான் உடுத்துவார். போகி அன்று முன்னோருக்கு வாழை இலை போடுவார். இலையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, மிளகாய்ச் சம்பல், பலகாரம், பழம். இலை ஓரத்தை இரண்டு கையாலும் நீவிச் சரி செய்துவிட்டு, கதவைச் சாத்தி எல்லோரையும் வெளியே அனுப்புவார், வந்த முன்னோர் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று. கல்யாணமான புதிதில் அந்தக் கதவுக்கு வெளியே நின்று அழுதிருக்கிறேன். மொழி போயும் இலை போடுவது போகவில்லையே என்று. அந்தத் தெருவை மிதிக்காதவர் மலாக்காவுக்கு எத்தனை நாள் வேண்டும் என்று சொல்லக்கூடாது.

சிரம்பான்வாசி:
அக்கா, மாமியார் வீடு எல்லோருக்கும் அங்கே இல்லையே. சனிக்கிழமை பிள்ளைகளோடு போகிறவனுக்குக் கோழிச்சோற்று உருண்டைக் கடை வரிசையிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. பயண நேரம் சேர்த்தா?

வாரக்கடைசி:
அந்த உருண்டையும் சாதாரணக் கோழிச்சோறும் ஒன்றுதான், பிடித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. அதற்கெல்லாம் வரிசையில் நிற்பவர்களுக்கு ஒரு வாரமும் போதாது.

மலாக்கா மருமகள்:
சோற்றுப் பேச்சை விடுங்கள். கோட்டையை ஆங்கிலேயர் 1807-ல் இடிக்க ஆரம்பித்து, மிஞ்சியது அந்த ஒரு வாசல். அதற்கு முன்னால் படம் எடுத்துவிட்டுக் கோட்டையைப் பார்த்தேன் என்கிறீர்கள். காஜா பெராங் போனீர்களா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

வாரக்கடைசி:
போகவில்லை. போயிருந்தாலும் இரண்டு மணிக்குக் கிளம்பியிருப்பேன். அரை நாள்தான்.

மலாக்கா மருமகள்:
போகவில்லை என்று ஒத்துக்கொண்டாரே, எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி வம்சம்:
என் கேள்விக்கும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் எங்கே ஒன்று என்றேன்?