கால்கரி கிளம்புற சேலத்துக்காரங்களுக்கு: பனிமலையில ஏற்காட்டுக் கணக்கு செல்லாது

லீவுக்கு வந்திருக்கேன், அஸ்தம்பட்டியில உட்கார்ந்து இதை எழுதுறேன். நேத்து தட்டுவடை செட் கடையில ஒரு தம்பி பிடிச்சுக்கிட்டார். ஜனவரியில கனடாவுல இருக்கிற கால்கரி போறாராம். "அங்க மலை ஏறலாமுங்களாண்ணா? ஏற்காட்டுக்கு மாசம் ரெண்டு தடவை போற ஆளு நான்."

ஏறலாம். ஆனா இங்க மழை பேஞ்சா கொண்டை ஊசி வளைவுல பாறை உருளும், வெயில் அடிச்சதும் வண்டியை எடுப்போம். கால்கரி பக்கத்து ராக்கி மலையில அந்தக் கணக்குதான் ஆளைக் கவுக்கும். பனி கொட்டி ஓஞ்சு, வானம் பளிச்சுனு இருக்கிற முதல் ரெண்டு நாள்தான் அவலாஞ்ச்சுக்கு, அதாவது பனிச்சரிவுக்கு, பயப்படணும். காத்து அடிச்சிருந்தா இன்னும் மோசம், பனியை வாரிக்கிட்டு வந்து மறுபக்கச் சரிவுல குவிச்சிருக்கும்.

தட்டுலயே காட்டினேன். கீழ ஒரு தட்டுவடை, நடுவுல துருவின பீட்ரூட், மேல இன்னொண்ணு. தட்டைச் சாய்ச்சேன், அசையல. மேல ஒரு விரல் வெச்சேன், சட்னியோட மேசைக்கு வந்துருச்சு. மேல் பனி பலகை மாதிரி மொத்தமா வழுக்கி இறங்குற ஸ்லாப் அவலாஞ்ச் இவ்வளவுதான். ராக்கி மலையில குளிர் அதிகம், பனி ஆழம் குறைச்சல். அதனால அடிப்பனி ஒண்ணோடொண்ணு ஒட்டாம பச்சை ஜவ்வரிசி மாதிரி பொலபொலன்னு ஆயிடும், சில வருஷம் சீசன் முழுக்க அப்படியே கிடக்கும். உயிர் போன சம்பவங்கள்ல அந்த ஒரு விரல் பெரும்பாலும் மாட்டினவரோடது, இல்லேன்னா கூடப் போனவரோடது.

என் முதல் குளிர்காலம். பனியில கால் புதையாம இருக்க ஸ்னோஷூ மாட்டிக்கிட்டு சமதளத்துல நடக்கிறோம், காலடியில "மொத்"னு ஒரு சத்தம், லாரியிலருந்து மூட்டையைப் போட்ட மாதிரி. நின்ன இடமே ஒரு விரக்கடை இறங்குச்சு. ஷூ முனையிலருந்து விரிசல் ஓடுச்சு. நான் போட்டோ எடுக்க போனைத் தேடுறேன், கூட வந்த நண்பர் வாயே திறக்காம வந்த தடத்தைக் கை காட்டினார். அடி அடுக்கு உடைஞ்ச சத்தமாம். பக்கத்துல சரிவு இருந்திருந்தா இங்க வந்து தட்டுவடை தின்னுருக்க மாட்டேன்.

30லருந்து 45 டிகிரி வரைக்கும் உள்ள சரிவுதான் அதிகம் சரியும். அதுக்கு அடியில நடந்தாலும் ஆபத்துதான். கிளம்புற காலையில அவலாஞ்ச் கனடா தளத்தைப் பாருங்க, அன்னிக்கு ஆபத்து எவ்வளவுன்னு 1லருந்து 5 வரைக்கும் அளவு போட்டிருப்பாங்க. 3னா பாஸ் மார்க்னு நினைச்சுடாதீங்க. மனுஷன் கால் பட்டாலே சரிய நிறைய வாய்ப்பு இருக்குன்னு அர்த்தம்.

டிரான்ஸீவர் (புதைஞ்ச ஆளைச் சிக்னல் வெச்சுத் தேடுற கருவி), புரோப் (பனிக்குள்ள குத்திப் பார்க்கிற நீளக் கம்பி), மண்வெட்டி மூணும் ஆளுக்கொண்ணு வேணும். புதைஞ்சவரை முதல் 10, 15 நிமிஷத்துக்குள்ள தோண்டி எடுக்கணும், அதுக்குள்ள ஹெலிகாப்டர் வராது, கூட இருக்கிறவங்கதான் தோண்டணும். போனை டிரான்ஸீவர்லருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி வைங்க, சிக்னலைக் குழப்பும். ஏஎஸ்டி 1ங்கிற அவலாஞ்ச் பாதுகாப்பு அடிப்படை வகுப்பு முடிக்கிற வரைக்கும் ஸ்கீ ரிசார்ட்டுக்குள்ளயே ஆடுங்க.

"ரெண்டு நாள் வகுப்புக்குக் காசு கொடுக்கணுமா?"ன்னு தம்பி இழுத்தார். ஜாக்கெட்டுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்கன்னு கேட்டேன். அடுத்த செட் சொல்லிட்டார்.