புதுப்பிப்பு: அம்பாசிடருக்கு ஹெட்லைட் கிடைத்துவிட்டது

குன்னூரில் ஓடும் எங்கள் பழைய அம்பாசிடருக்கு ஹெட்லைட் எங்கே கிடைக்கும் என்று முன்பு கேட்டிருந்தேன். விளக்குக்குள் வெளிச்சத்தை முன்னால் திருப்பும் ரிஃப்ளெக்டர் துருப்பிடித்து, பனிமூட்டத்தில் வெள்ளைக் கோடுகூடத் தெரியாத நிலை. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அம்பாசிடர் என்று கேட்டால் கடைக்காரர்கள் கைவிரிக்கிறார்கள். "7 அங்குல வட்ட விளக்கு, எச்4 பல்பு" (ஹை பீம், டிம் இரண்டும் ஒரே பல்பில் வரும் வகை) என்று கேளுங்கள். பழைய மஹிந்திரா ஜீப், ஜிப்ஸி, புல்லட் எல்லாவற்றுக்கும் அதே அளவுதான். கோவையில் புதிதாகவே கிடைத்தது. பின்பக்கக் குடுவையின் ஆழத்தை மட்டும் பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

வாங்கும்போது கண்ணாடியை அவசியம் பாருங்கள். நம்மைப் போல இடப்பக்கம் அல்லாமல் சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான லென்ஸ் என்றால், டிம் போட்டாலும் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். மலையில் இறங்கும் பேருந்து ஓட்டுநருக்கு அது உயிர் விஷயம்.

பல்பு 60/55 வாட் (ஹை பீம் 60, டிம் 55) போதும். 100 வாட் போடச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். பழைய ஒயரிங்கும் சுவிட்சும் அந்தச் சூட்டைத் தாங்காது. அதற்குப் பதில் ரிலே (சுவிட்ச் தரும் சிறு கரன்டில் இயங்கி, விளக்குக்கான பெரிய கரன்டைத் திறந்துவிடும் சாதனம்) வைத்து பேட்டரியிலிருந்து நேரடியாகக் கரன்ட் கொடுத்தோம். என்னைக் கேட்டால், புது விளக்கைவிட இந்த ரிலேதான் பெரிய மாற்றம். வழியில் வோல்டேஜ் குறைவதில்லை, அதே பல்பு பளிச்சென்று எரிகிறது.

அப்புறம், மூட்டத்தில் ஹை பீம் வேண்டாம். நீர்த்துளிகளில் பட்டு வெளிச்சம் நம் பக்கமே திரும்பும். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் இரவில் இறங்குபவர்கள் டிம்மிலேயே மெதுவாக வாருங்கள்.