பொருள்: மறு: குபாலா இரவுக்கு ஒரு தமிழ்ச்சொல் – 'முழுக்கிரவு'

ஐயா, வணக்கம்.

ரஷ்யா, உக்ரைன், போலந்து போன்ற ஸ்லாவிய மொழி பேசும் நாடுகளில் கோடையில் ஆற்றில் குளித்தும் நெருப்பைத் தாண்டியும் கொண்டாடும் குபாலா இரவுக்கு, நம் வரைவில் 'நடுக்கோடை இரவு' என்று நீங்கள் வைத்த சொல்லைப் படிப்பவருக்கு நம் சித்திரை வெயில்தான் நினைவுக்கு வரும். அக்கா சொன்ன 'கதிர்த்திருப்ப இரவு', அதாவது ஜூன் 21 வாக்கில் சூரியன் வடகோடியிலிருந்து தெற்கே திரும்பும் நாளின் இரவு, வானியலுக்குச் சரி. ஆனால் போலந்தில் இது ஜூன் 23 இரவு. ரஷ்யாவில் பழைய ஜூலியன் நாட்காட்டிக் கணக்குப்படி 13 நாள் தள்ளி ஜூலை 6 இரவு. அதற்குள் கதிர் திரும்பி இரண்டு வாரம் ஆகிவிடுகிறது.

அவர்கள் வைத்த பெயரையே பார்ப்போம்: இவான் குபாலா. இவான் நம் யோவான்தான். குபாலா என்பது குளிப்பதைக் குறிக்கும் ஸ்லாவிய வினையோடு உறவுள்ள சொல். ஞானஸ்நானம் கொடுத்த யோவானின் பிறந்தநாளுக்கு முந்தின இரவு இது. ஊர் மக்கள் வாயில் அவர் 'குளிப்பாட்டும் யோவான்' ஆகிவிட்டார். குளியல் வெறும் பெயரளவில் இல்லை. 1551-இல் மாஸ்கோவில் கூடிய திருச்சபை மன்றம் இந்த இரவைக் கண்டித்தபோது, விடியும் நேரத்தில் பெருங்கூச்சலோடு ஆற்றுக்குப் போய்க் குளிக்கிறார்கள் என்பதையும் ஒரு குற்றமாகச் சொன்னது.

கோயிலுக்கும் ஆற்றுக்கும் பொதுவான இப்படி ஒரு சொல் தமிழிலும் இருக்கிறது: முழுக்கு. கத்தோலிக்கர்கள் 'திருமுழுக்கு யோவான்' என்கிறார்கள். மயிலாடுதுறையில் ஐப்பசிக் காவிரிக் குளியல் துலா முழுக்கு, கடைசி நாள் கடைமுழுக்கு. அதனால் 'முழுக்கிரவு' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. 'முழுக்குப் போடுவது' கைவிடுவதாயிற்றே என்று கேட்கலாம். கடைமுழுக்கு என்னும்போது யாருக்கும் அப்படித் தோன்றுவதில்லையே.

அப்புறம், நம் வரைவில் 'மலர்வளையம்' என்று இருப்பதைக் கட்டாயம் மாற்ற வேண்டும். பெண்கள் காட்டுப்பூவில் பின்னித் தலையில் சூடி, பிறகு மெழுகுவர்த்தி ஏற்றி ஆற்றில் மிதக்கவிட்டு, அது போகும் போக்கில் கல்யாணக் குறி பார்ப்பது அது. நம் ஊரில் மலர்வளையம் சாவு வீட்டுக்குப் போவது. 'பூமுடி' என்று வைப்போம். 'தீமிதி'யும் வேண்டாம். அங்கே யாரும் தணலில் நடப்பதில்லை. ஆணும் பெண்ணும் கைகோத்து நெருப்பைத் தாண்டுகிறார்கள், கை விடாமல் தாண்டினால் பிரிய மாட்டார்கள் என்பது நம்பிக்கை. 'தீத்தாண்டல்' போதும்.

'பெரணிப்பூ'வை மட்டும் தொடாதீர்கள். பெரணி பூக்காது, வித்துத்தூளால் பெருகும் செடி என்று அடிக்குறிப்பு எழுதிச் சொல்லைத் திருத்தப் பார்த்தார் ஒரு நண்பர். பூக்காத செடி இந்த ஓர் இரவில் மட்டும் பூக்கும், அதைக் கண்டவருக்குப் புதையல் தெரியும் என்றுதான் காட்டுக்குள் தேடிப் போகிறார்கள். முரண் அந்தச் சொல்லிலேயே தெரியட்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. உக்ரைனில் ஒரு மரக்கிளையையோ வைக்கோல் பொம்மையையோ அலங்கரித்து, மரேனா என்று பெயரிட்டு, கடைசியில் தண்ணீரில் விடுகிறார்கள். இதற்குப் 'பாவை' பொருந்துமா, மரேனா என்றே விடலாமா? அக்கா சொல்லுங்கள்.