சோபா வாங்கும்போது ‘ஜெனுயின் லெதர்’ என்ற சொல்லை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி – பெசன்ட் நகர்வாசி

வணக்கம். ஏழு ஆண்டுகளுக்கு முன் ‘லெதர்’ என்று சொல்லி விற்ற சோபா ஒன்றை வாங்கினோம். நான்காம் ஆண்டிலேயே கை வைக்கும் இடமும் தலை சாயும் இடமும் செதில் செதிலாக உரிந்து, உள்ளிருந்த துணி வெளியே தெரிந்தது. இப்போது புதிது வாங்கப் போனால், டாப் கிரெய்ன், ஸ்பிளிட், பாண்டட், ஜெனுயின் என்று கடைக்குக் கடை வெவ்வேறு பெயர் சொல்கிறார்கள். சிறு குழந்தையும் வயதான அப்பாவும் இருக்கும் வீட்டுக்கு எது பொருந்தும் என்று விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி – ராணிப்பேட்டைக்காரன்

தோல் பதனிடும் ஆலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் சோபாவில் உரிந்தது தோல் அன்று. தோல் துகள்களை அரைத்துப் பசையுடன் அழுத்தித் துணியில் ஒட்டும் பாண்டட் வகையிலோ, தோலே கலவாத ரெக்சினிலோ மேலே பூசப்படும் பாலியூரிதேன் பூச்சாகத்தான் அது இருக்க வேண்டும். வியர்வையும் தலை எண்ணெயும் கடற்கரை ஈரக்காற்றும் அந்தப் பூச்சைச் சிதைத்துவிடும்.

மாட்டுத் தோலும் எருமைத் தோலும் தடிமனானவை என்பதால் எந்திரத்தில் அடுக்குகளாகப் பிரிப்போம். மயிர் முளைத்திருந்த மேலடுக்கில் நார்கள் நெருங்கிப் பின்னியிருப்பதால் அதுவே உறுதியானது. அதைத் தேய்க்காமல், உண்ணி கடித்த வடுகூடத் தெரியும்படி விட்டால் ஃபுல் கிரெய்ன். வடுக்கள் மறைய லேசாகத் தேய்த்துச் சீராக்கியதைப் பெரும்பாலும் டாப் கிரெய்ன் என்று விற்கிறார்கள். சதைப்பக்கத்து அடுக்கு ஸ்பிளிட். அதன் மேல் கனமாகப் பூச்சிட்டுத் தோல்வரிகளை அச்சாக அழுத்துவார்கள். அதுவும் தோல்தான் என்பதால் ‘ஜெனுயின்’ என்பது பொய்யாகாது. ஆனால் எந்த அடுக்கு என்பதை அந்தச் சொல் உங்களுக்குச் சொல்லாது.

மறுமொழி – மரவேலைப் பட்டறை

அடுக்கைப் போலவே மேற்பூச்சையும் பார்க்க வேண்டும். சாயம் மட்டும் ஏற்றிய அனிலின் தோல் தொடுவதற்கு மிக இதமானது. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சிக் கருக்கும், குழந்தை சிந்தும் பாலின் கறையும் அப்படியே தங்கும். உங்கள் வீட்டுக்கு நிறப்பூச்சுள்ள டாப் கிரெய்ன்தான் ஏற்றது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மெத்தை உறையின் ஜிப்பைத் திறந்து உட்புறத்தையும் பாருங்கள். நெய்த துணி தெரிந்தால் வாங்காதீர்கள். நார் நாராக இருந்தால் பெரும்பாலும் தோல், ஆனால் ஸ்பிளிட்டும் அப்படித்தான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். உட்காரும் இடத்தில் மட்டும் தோல் வைத்து, பக்கங்களிலும் பின்புறத்திலும் அதே நிற ரெக்சின் தைக்கும் ‘லெதர் மேட்ச்’ முறையும் உண்டு. விலை குறையும் என்பதால் அது தவறில்லை. சொல்லாமல் விற்பதுதான் தவறு.

பெசன்ட் நகர்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று கடையில் ஜிப்பைத் திறந்து பார்த்துவிட்டு, பின்புறம் என்ன பொருள் என்று கேட்டேன். சற்றுத் தயங்கிய பிறகே ரெக்சின் என்று ஒப்புக்கொண்டார்கள். எந்தப் பகுதியில் எந்த வகைத் தோல் என்பதைப் பில்லிலேயே எழுதித் தருமாறு கேட்டிருக்கிறேன். எழுதித் தந்தால் மட்டுமே முன்பணம் கொடுப்பேன்.