காலையில ஒரு மணித்தியாலம் பொறுமையா இருக்க என்ன செய்யணும்?

மஸ்கெலியாக்காரி:
5:30க்கு எழும்பி, 6:45 பஸ்ஸுக்கு ரெண்டு பிள்ளைகளையும் (8 வயசு, 5 வயசு) அனுப்பிட்டு, பெரட்டுக்கு (தேயிலைத் தோட்டத்துல காலையில வேலைக்குப் பேர் பதியிற இடம்) போகணும். அந்த ஒரு மணித்தியாலத்துலதான் வாய் நீளுது. ஒரு சொக்ஸ் காணலன்னாப் போதும், சத்தம் லயத்துக் (தோட்டத்து வரிசை வீடு) கடைசிக் காம்பரா வரைக்கும் கேக்கும். கிளினிக்ல நம்பர் எடுத்துட்டு உக்காந்திருக்கும்போதும், கொழுந்து நிறுக்கிற இடத்துல கிலோ கழிக்கும்போதும் இதே மாதிரிதான் பொத்துக்கிட்டு வருது. "பொறுமையா இரு"ன்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படின்னு யாரும் சொல்றதில்ல. தெரிஞ்சவங்க விவரமாச் சொல்லுங்க.

கொட்டகலை அண்ணன்:
தங்கச்சி, காலையை விடுங்க, முந்தின ராத்திரியைப் பாருங்க. வளர்ந்தவங்களுக்கு 7 மணித்தியாலமாவது தூக்கம் வேணும். 5:30க்கு எழும்பணும்னா 10:30க்குக் கண் மூடியிருக்கணும். அதைக் கெடுக்கிறது அந்திக்குக் குடிக்கிற பிளேன்டீ. தேயிலையில உள்ள கஃபீன்ல பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய 5 மணித்தியாலம் பிடிக்கும். கடைசிக் கோப்பையை 4 மணியோட நிறுத்துங்க.

இன்னொண்ணு, சாப்பாட்டோட சேர்த்துத் தேத்தண்ணி குடிக்கிற பழக்கம். கீரையிலயும் பருப்புலயும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்க விடாம அது தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழிச்சுக் குடிங்க. படி ஏறினா மூச்சு வாங்குது, கண் இமைக்குள்ள வெளுத்திருக்கு, எதுக்கெடுத்தாலும் எரிச்சல் வருதுன்னா ஆஸ்பத்திரியில ஹீமோகுளோபின் பாக்கச் சொல்லுங்க. கர்ப்பமில்லாத பெண்களுக்கு டெசிலீட்டருக்கு 12 கிராமுக்குக் கீழ இருந்தா இரத்தச்சோகை. நம்ம மாதிரி உயரத்துல இருக்கிறவங்களுக்கு அந்தக் கணக்கு கொஞ்சம் கூடும், டொக்டர் பார்த்துச் சொல்வார். இரத்தம் குறைஞ்ச உடம்புகிட்டப் பொறுமையைக் கேட்டா எங்க இருந்து வரும்?

நானுஓயா டீச்சர்:
சொக்ஸ் விஷயம் சின்ன விஷயம் இல்ல. ஜூன், ஜூலை மழையில மஸ்கெலியாப் பக்கம் எதுவும் காயாது. பிள்ளைக்கு 3 சோடி வேணும். துவைச்சுப் பிழிஞ்ச சொக்ஸைக் காஞ்ச துவாய் மேல விரிச்சு, துவாயை இறுக்கிச் சுருட்டி, அது மேல ஏறி நில்லுங்க. கையால பிழிஞ்சு வராத தண்ணியெல்லாம் துவாய்க்குள்ள போயிடும். பிறகு அடுப்புக்கு மேல, நெருப்பு எட்டாத உயரத்துல கொடியில போட்டா விடியிறதுக்குள்ள காஞ்சிடும். காஞ்சதைச் சப்பாத்துக்குள்ளயே செருகி வைங்க. ராத்திரி 8 மணிக்கு இந்த வேலை முடிஞ்சா காலைச் சண்டையில பாதி இல்ல.

மிச்சப் பாதிக்கு, "இது நடந்தா இதைச் செய்வேன்"னு ஒரே ஒரு வசனம் முன்கூட்டியே வச்சுக்குங்க. பீட்டர் கோல்விட்சர்ங்கிற உளவியலாளர் 1999ல இதை விவரமா எழுதியிருக்கார். "இனிக் கோபப்பட மாட்டேன்"ங்கிறது உதவாது, அந்த நேரத்துல கை என்ன செய்யணும்னு அதுல இல்ல. "ஏதாவது காணலன்னா, வாயைத் திறக்கிறதுக்கு முந்தி கேத்தலை இறக்கி வைப்பேன்", இப்படி இருக்கணும். யோசிக்க வேண்டியதை நேத்தே யோசிச்சு முடிச்சதால கை தானா போகும். பத்து வசனம் வச்சுக்கிட்டா எதுவும் ஞாபகம் வராது. ரெண்டு கிழமைக்கு ஒண்ணு போதும்.

5 வயசுப் பிள்ளைக்கு "சீக்கிரம்"னா என்னன்னே தெரியாது. கிட்டப் போய், தோளைத் தொட்டு, ஒரு வேலை மட்டும் சொல்லுங்க: "சப்பாத்தைப் போடு." சொல்லிட்டு மனசுக்குள்ள 5 எண்ணுங்க. ஒரு விநாடியில திருப்பிச் சொல்றோம், மூணாவது தடவை கத்துறோம், பிழை அங்கதான். "பொறு, வர்றேன்"னு சொன்னாக் கட்டாயம் போகணும். அமெரிக்காவுல ரொசெஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வு ஒண்ணுல, சொன்ன சொல்லைக் காப்பாத்துன ஆள்கிட்டப் பிள்ளைங்க சராசரி 12 நிமிஷம் பொறுத்திருந்தாங்க, ஏமாத்துன ஆள்கிட்ட 3 நிமிஷம்தான். நம்மைப் பார்த்துத்தான் அதுங்க பொறுமை படிக்குது.

பதுளை ரோட்:
எதுக்கு இவ்வளவு? கத்தித் தீர்த்துட்டா லேசாயிடும். அடக்கினாத்தான் நோய்.

நானுஓயா டீச்சர்:
பலர் நம்புறாங்க, ஆனா சரியில்ல. பிராட் புஷ்மன்ங்கிற உளவியலாளர் 2002ல செய்த ஆய்வுல, கோபப்படுத்துன ஆளை நினைச்சுக்கிட்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தினவங்களுக்கு, சும்மா உக்காந்திருந்தவங்களை விடக் கோபம் கூடத்தான் செய்தது. அதுக்காக விழுங்கச் சொல்லல. "எனக்கு இப்ப எரிச்சலா இருக்கு, ஒரு நிமிஷம்"னு சாதாரணக் குரல்ல சொல்லலாம். பிள்ளைக்கும் விளங்கும்.

மஸ்கெலியாக்காரி:
நன்றிங்க டீச்சர். மூச்சை ஆழமா இழுத்து விடச் சொல்றாங்களே, அப்படிச் செஞ்சா தலை சுத்துது, விரல் நுனி விறுவிறுங்குது. நிறுத்திடவா?

கொட்டகலை அண்ணன்:
நிறுத்த வேண்டாம், அளவைக் குறைங்க. பெருசா, வேகமா இழுத்தா இரத்தத்துல உள்ள காபனீரொட்சைட்டு அளவுக்கு மேல வெளிய போயிடும். தலைசுத்தும் விறுவிறுப்பும் அதனாலதான். மூக்கால மெதுவா, சின்னதா 4 எண்ணிக்கை இழுங்க. உதட்டைக் குவிச்சு 6 எண்ணிக்கை விடுங்க. அடுப்பு ஊதுற வேகம் கூடாது, கொதிக்கிற பிளேன்டீ தளும்பாம ஊதி ஆத்துவோமே, அந்த வேகம். நிமிஷத்துக்கு 6 மூச்சு வரும். வெளிய விடுற மூச்சு நீளும்போதுதான் இதயத் துடிப்பு இறங்கும்.

கோபம் வந்த பிறகு புதுசாப் பழக ஏலாது. தினமும் கேத்தல் கொதிக்கிற நேரத்துல 10 மூச்சு, கோபமே இல்லாதப்போ செய்யுங்க.

கிளினிக்குக்கு ஒரு வழி. எவ்வளவு நேரம்னு தெரியாமக் காத்திருக்கிறதுதான் ஆளை அரிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க: உங்க நம்பர் 64, இப்ப 20 ஓடுது, 15 நிமிஷத்துல 5 பேர் உள்ள போறாங்கன்னா இன்னும் ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல இருக்கு. தாதிகிட்டச் சொல்லிட்டுக் கடைக்குப் போய் வரலாம். ஆனா நம்பர் 50 ஆகும்போது திரும்பி இருக்கணும், இடையில சில பேர் வராமப் போனா வரிசை பாய்ஞ்சிடும்.

பிள்ளைங்க மேல கை நீளுது, நிறுத்த முடியலன்னா, 1926தான் இலங்கையோட தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம். எந்த நேரமும் எடுக்கலாம்.

மேமலை:
ஒண்ணை மட்டும் பிரிச்சு வைங்க தங்கச்சி. பிள்ளைகிட்டயும் வரிசையிலயும் வேணுங்கிறது பொறுமை. தராசுல கிலோ கழியும்போது வாயை மூடிக்கிட்டு நிக்கிறது பொறுமை இல்ல. நம்ம சனத்துக்கு அந்த ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்லியே வளர்த்துட்டாங்க. அங்க வர்ற கோபம் நியாயமானது, அதைத் தணிக்க வேண்டாம், பயன்படுத்துங்க.

சாக்கு ஏத்துறதுக்கு முந்தி முள் பூச்சியத்துல நிக்குதான்னு பாருங்க. நிறுத்ததும் ஒரே கேள்வி, குரலை உயர்த்தாம: "எத்தனை கிலோ கழிச்சீங்க, எதுக்கு?" சாக்குக்கா, தண்ணிக்கா, முத்தல் இலைக்கான்னு பதில் வரணும். சத்தம் போட்டா பேச்சு உங்க சத்தத்தைப் பத்தியே போயிடும், கிலோ மறந்துடும். தேதி, நேரம், நிறுத்த அளவு, கழிச்ச அளவு, சொன்ன காரணம் இவ்வளவையும் அங்கேயே எழுதுங்க. ஒரு கிழமைக் கணக்கு சேர்ந்ததும், பக்கத்து நிரைக்காரங்க ரெண்டு பேர் கணக்கையும் சேர்த்துக்கிட்டுத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரோட போய்ப் பேசுங்க. தனியாப் போக வேண்டாம்.

கொப்பியைப் பிளாஸ்டிக் பையில சுத்தி வைங்க. பென்சிலால எழுதுங்க, சில பேனை மை மழையில கரைஞ்சிடும்.