கலைச்சொல்: ‘இன்வர்ட்’ – கரணமா, தலைகீழா, இடுப்பேற்றமா?

களியக்காவிளையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

கம்ப நடனத்துக்கு (போல் டான்ஸ்) தமிழில் ஒரு பயிற்சிக் கையேடு தயாராகிறது. படிக்கப்போகிறவர்கள் மார்த்தாண்டம், தக்கலை, பாறசாலைப் பக்கத்துப் பிள்ளைகள். நிலைக்கம்பம், சுழல்கம்பம், ஏற்றம், அமர்வு என்று பாதிச் சொற்கள் தாமாகவே வந்துவிட்டன. இடிப்பது, கம்பத்தில் தலைகீழாகப் போவதைச் சொல்லும் ‘இன்வர்ட்’ ஒன்றுதான். வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னால், கரண்ட் போனதும் வீட்டில் உறுமும் பேட்டரிப் பெட்டிதான் பலருக்கு நினைவு வருகிறது.

பழக்கமில்லாதவர்களுக்காக அசைவைச் சொல்லிவிடுகிறேன். தரையில் நின்று தொடங்கும் எளிய வடிவம் இது. கம்பம் ஒரு பக்கத் தோளை ஒட்டியிருக்க, பக்கவாட்டில் நிற்க வேண்டும். கைகள் இரண்டும் மார்புக்கும் தாடைக்கும் நடுவே ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடிக்கும். முழங்கை மடிந்தே இருக்கும். கம்பம் கம்புக்கூட்டுக்குள் இறுக உட்காரும். (அந்த உறுப்புக்காவது நாம் புதுச்சொல் தேட வேண்டியதில்லை.) தோள்பட்டையைக் காதிலிருந்து கீழே இழுத்து, அடிவயிற்றை இறுக்கி இடுப்பை உள்ளே சுருட்டி, முழங்கால்களை மார்புக்குக் கொண்டுவந்து, மேலுடம்பைப் பின்னால் சாய்க்க வேண்டும். சுருட்டலும் சாய்வும் ஒன்றாகவே நடக்கும். இடுப்பு கைப்பிடியின் உயரத்தைத் தாண்டிய பிறகுதான் கால்களை விரிக்கலாம்.

இந்த அசைவையும் இன்வர்ட் என்கிறார்கள், அசைவு முடிந்து தலை கீழும் கால் மேலுமாக நிற்கும் நிலையையும் இன்வர்ட் என்கிறார்கள். நமக்கு ஒரு சொல் போதுமா, இரண்டு வேண்டுமா?

நாகர்கோவிலிலிருந்து

அண்ணாச்சிக்கு வணக்கம். ‘கரணம்’ கையில் இருக்கும்போது வேறு எதைத் தேடுகிறோம்? குட்டிக்கரணம் தெரியாத பிள்ளை கிடையாது. கழைக்கூத்தாடிகள் புழங்கிய சொல். ‘கரணம் தப்பினால் மரணம்’ என்று எச்சரிக்கைப் பலகையையும் கூடவே கொண்டு வருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கமும் ‘கரணம் மறியுக’ என்றுதான் சொல்கிறார்கள், பாறசாலைப் பிள்ளைகளுக்கும் புரியும்.

சிரசாசனம் வேண்டாம், இங்கே தலை எதிலும் ஊன்றுவதில்லை. ‘கவிழ்ப்பு’ ஆட்சிக்குப் போய்விட்டது. ‘தலைகீழாக்கம்’ கணக்குப் புத்தக வாசனை அடிக்கிறது.

பாறசாலையிலிருந்து

இயன்முறை மருத்துவம் பார்க்கிறவளாகச் சொல்கிறேன், அண்ணாச்சி கோபிக்கக் கூடாது. கரணம் என்றாலே அடுத்து வரும் வினை ‘அடி’ அல்லது ‘போடு’. கரணம் அடிப்பது வேகத்தால் நடப்பது. இந்த அசைவில் வேகம்தான் முதல் எதிரி. தரையை உதைத்து எம்பிக் காலை வீசினால், தசை தாங்க வேண்டிய எடை ஒரே இழுப்பில் தோள்மூட்டின் முன்பக்கத்துக்கும் முழங்கையின் உள்பக்கத்துக்கும் போகும். மேலே போய்ச் சேர்ந்துவிடலாம், ஆனால் போகும் வழியில் எந்த இடத்திலும் நிற்க முடியாது. நிற்க முடியாதவருக்குப் பிடி நழுவும்போது திருத்திக்கொள்ள நேரமே இருக்காது.

‘தலை’யில் தொடங்கும் சொற்களிலும் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. ‘தலைகீழாகப் போ’ என்றால் எந்தப் புதியவரும் முதலில் தலையைத்தான் பின்னால் எறிவார். தலை போனதும் முதுகு வில்லாக வளையும், மார்பு கம்பத்தை விட்டு விலகும், கம்புக்கூட்டுப் பிடி கழன்றுவிடும், முழங்கை நீளும். அதன் பிறகு இடுப்பை மேலே கொண்டுபோக வயிற்றுக்கு வழியே இல்லை. கால்கள் பாதி உயரத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கும். ‘வயிற்றில் பலம் போதவில்லை’ என்று பயிற்சியாளரும் சொல்லிவிடுவார். பல பேருக்குப் பலம் இருக்கிறது, வரிசைதான் தவறு.

உண்மையில் மேலே ஏறுவது இடுப்பு. தலை அதன் பின்விளைவாகக் கீழே வருகிறது. ஆகவே அசைவுக்கு ‘இடுப்பேற்றம்’ என்று வைக்கலாம். கட்டளையாகச் சொன்னாலும் ‘இடுப்பை ஏற்று’ என்று சரியான உறுப்பையே கூப்பிடும்.

செங்கோட்டையிலிருந்து

அக்கா சொல்லும் காரணம் சரி, சொல்லில்தான் ஒரு சிக்கல். உடற்பயிற்சிக் கூடங்களில் மல்லாந்து படுத்து, பாதத்தை ஊன்றி இடுப்பைத் தூக்குவதையும் இடுப்பேற்றம் என்று சிலர் எழுதுகிறார்கள். கையேட்டில் ‘கம்ப இடுப்பேற்றம்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் தீரும் என்று நினைக்கிறேன்.

‘மறிவு’ என்று ஒன்றையும் நினைத்துப் பார்த்தேன். மறிதல் என்றால் தலைகீழாதல் என்ற பொருள் தமிழிலும் பழையதே. நம்ம பக்கத்துப் பேச்சில் ‘வண்டி மறிஞ்சுட்டு’ என்பது இன்றும் உண்டு. ஆனால் மதுரைக்கு வடக்கே போனால் மறியல் என்றதும் பஸ் நின்றுவிடும்.

அசைவுக்கும் நிலைக்கும் தனித்தனிச் சொல் கட்டாயம் வேண்டும். சர்வதேச கம்ப விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டி விதிப்படி, ஒரு நிலையை 2 நொடி அசையாமல் நிறுத்தினால்தான் அது கணக்கில் வரும். ‘இன்வர்ட் 2 நொடி’ என்று எழுதினால் எதை 2 நொடி என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

மல்லர் கம்பத்துச் சொற்களை அப்படியே எடுத்துவிடலாம் என்று சிலர் நினைக்கலாம். விழுப்புரத்தில் அது நன்றாக வேரூன்றியிருக்கிறது, சொல்லும் நம்முடையதுதான். ஆனால் கருவி வேறு. அந்த மரக்கம்பம் அடியில் சுமார் 55 செ.மீ. சுற்றளவு இருக்கும், விளக்கெண்ணெய் தடவி வழுக்கலாக வைத்திருப்பார்கள். கை அதை வளைத்து மூடாது, தொடையும் பாதமும்தான் பிடிக்கும். இங்கே போட்டிக் கம்பம் 45 மி.மீ. விட்டம், அதாவது 14 செ.மீ. சுற்றளவு. விரல்கள் சுற்றி வந்து மூடிக்கொள்ளும். அதனால் அங்கே ‘பிடி’ என்றால் காலும் இங்கே ‘பிடி’ என்றால் கையும் நினைவுக்கு வரும்.

நிலைகளுக்கு என் யோசனை ‘தொங்கல்’. கம்பத்தின் பக்கம் இருக்கும் காலை மாட்டினால் உட்கால் தொங்கல், எதிர்ப்பக்கக் கால் என்றால் வெளிக்கால் தொங்கல். ஆங்கிலத்தில் இவற்றுக்கு ஜெமினி, ஸ்கார்ப்பியோ என்று ராசிப்பெயர் வைத்திருக்கிறார்கள். மிதுனம், விருச்சிகம் என்று மொழிபெயர்த்தால் பஞ்சாங்கம் போல அழகாகத்தான் இருக்கும், ஆனால் எந்தக் காலை மாட்டுவது என்று தெரியாது. அந்தப் பெயர்களே பள்ளிக்குப் பள்ளி இடம் மாறுகின்றன.

தொங்கலில் கவனிக்க வேண்டியது முழங்காலின் பின்மடிப்பு. கம்பம் அந்தப் பள்ளத்தின் அடியில் உட்கார வேண்டும், கெண்டைக்காலில் அல்ல. மாட்டிய காலின் குதிகாலைப் புட்டத்தை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்றக் கால் சும்மா தொங்கினால் இடுப்பு திரும்பி மடிப்பு திறந்துவிடும், அதையும் நீட்டி விறைப்பாக வைக்க வேண்டும். கையை விடுவது ஒவ்வொன்றாக. முதல் கையை விட்டதும் உடம்பு ஒரு விரலளவு இறங்கினால் மாட்டல் சரியில்லை என்று பொருள், இரண்டாவது கையை விடக் கூடாது.

நாகர்கோவிலிலிருந்து

> கரணம் அடிப்பது வேகத்தால் நடப்பது

இதையே பிடித்துக்கொள்கிறேன். அப்படியானால் வேகத்தால் நடக்கும் ஒன்றுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிடுங்கள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே ஊன்றி, காலை வீசி ஏறும் ஹேண்ட்ஸ்பிரிங்குக்குக் ‘கைக்கரணம்’ பொருந்தும். வீசாமல் பலத்தால் மட்டும் தூக்கினால் அது இடுப்பேற்றத்தின் ஒரு வகை. சொல்லை வைத்தே எது வீச்சு, எது தூக்கு என்று தெரிந்துவிடும்.

பாறசாலையிலிருந்து

கைக்கரணத்துக்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் கையேட்டில் அது கடைசி அதிகாரமாகவே இருக்கட்டும். மேல்கையை உள்ளே முறுக்கிப் பிடிக்கும் முறையில் தோள்மூட்டு உள்பக்கம் திரும்பிய நிலையிலேயே உடலெடையைத் தாங்குகிறது. தோளின் முன்பக்கம் குத்தினாலோ விரல்கள் மரத்தாலோ அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும்.

இடுப்பேற்றத்துக்கு முன் ஒரு தகுதிச் சோதனை எழுதுங்கள். முழங்கை மடித்துக் கம்பத்தைப் பிடித்து, முழங்காலை மார்புக்கு மடக்கி, 10 நொடி அந்தரத்தில் நிற்க வேண்டும், தோள் காதுக்கு ஏறாமல். இரண்டு பக்கமும். அது வராதவருக்கு எதிர்த்திசைப் பயிற்சி: தாங்குபவர் ஒருவர் இடுப்பைப் பிடித்து மேலே கொண்டுபோய் விட, அங்கிருந்து 5 நொடி எண்ணிக்கொண்டு தாமாக இறங்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு 3 முறை போதும். மறுநாள் ஓய்வு. வலுவான பக்கத்தையே எல்லாரும் செய்வார்கள், ஆகவே பலவீனமான பக்கத்தில் தொடங்கச் சொல்லுங்கள்.

தாங்குபவர் கையைப் பிடிக்கக் கூடாது, கழுத்துக்குக் கீழே முதுகிலும் இடுப்பிலும்தான் கை வைக்க வேண்டும்.

களியக்காவிளையிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. அசைவுக்கு இடுப்பேற்றம் என்றே வைக்கிறேன். முழங்காலை மடக்கிப் போவது ஒடுக்கு இடுப்பேற்றம், காலை விரித்துப் போகும் சாப்பர் விரிகால் இடுப்பேற்றம், கம்பத்தில் ஏறிய பிறகு தரை தொடாமல் செய்வது அந்தர இடுப்பேற்றம். நிலைக்குத் தொங்கல். ஆயிஷா என்ற நிலை மட்டும் இதில் அடங்கவில்லை. அதில் உடம்பு கம்பத்திலிருந்து விலகிக் கைகளின் மேல் நிற்கிறது. ‘கைத்தாங்கல்’ என்று எழுதிப் பார்த்தேன், பாட்டியைக் கோவிலுக்கு அழைத்துப் போவது போல இருக்கிறது. இப்போதைக்கு ஆயிஷா ஆயிஷாவாகவே இருக்கட்டும்.

நம் ஊருக்கென்று இரண்டு குறிப்பும் சேர்த்திருக்கிறேன். தேங்காயெண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று கம்பத்துக்கு வர வேண்டாம், சோப்புப் போட்டாலும் முழங்கால் மடிப்பில் பிசுக்கு நிற்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் என்பதால் கம்பத்தில் ஈரம் படியும், ஒவ்வொருவர் ஏறுமுன்னும் உலர்ந்த துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். கைக்கு மெக்னீசியப் பொடி சரி. மடிப்புக்கு வேண்டாம், அங்கே தோல் வறண்டாலும் வழுக்கும். வீட்டில் தரைக்கும் கூரைக்கும் இடையே முடுக்கி நிறுத்தும் கம்பத்தை ஓட்டு வீட்டிலோ பொய்க்கூரையிலோ மாட்டக் கூடாது, கான்கிரீட் கூரை வேண்டும். நிலைக்கம்பமாகப் பூட்டும் திருகு இறுகியிருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் இடுப்பேற்றம் செய்யக் கூடாது. அடியில் மெத்தை 10 செ.மீ.க்குக் குறையாமல்.

இன்னும் இரண்டு சொல் பாக்கி. அந்த முறுக்குப் பிடிக்கு ‘முறுக்குப்பிடி’ என்றே வைக்கலாமா, தின்பண்டம் குறுக்கே வருமா? அடுத்தது, தலைகீழிலிருந்து திரும்பி வருவது. ஆங்கிலக் குறிப்புகள் பலவற்றில் இதற்குத் தனித் தலைப்பே இல்லை, களைத்த கையோடு விழுவது பெரும்பாலும் இங்கேதான். ‘திருப்பிறக்கம்’ என்று வைத்து இப்படி எழுதியிருக்கிறேன்: முதலில் இரண்டு கையும் கம்பத்துக்கு வரட்டும், பிறகு மாட்டிய காலைக் கழற்று, விரிகாலை ஒடுக்கு, முழங்காலை மார்போடு வைத்துக்கொண்டே பைய இடுப்பை இறக்கு, பாதம் மெத்தையைத் தொட்ட பின் கையை விடு. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.