வெள்ளைக்காரன் கட்டிய ஊர் பார்க்கணும்: சென்னை போதுமா, கொல்கத்தாவா?

வடசேரி வாசி:
நாகர்கோவிலிலிருந்து 20 பேர், பெரும்பாலும் வரலாறு படிக்கிற பிள்ளைகள். டிசம்பரில் 5 நாள் லீவு. சென்னையா, கொல்கத்தாவா? காரணத்தோடு சொல்லுங்க.

தக்கலை:
5 நாளில் கொல்கத்தா என்றால் ரயிலைத்தான் சுற்றிப் பார்க்கணும். கன்னியாகுமரி–ஹவுரா வண்டி வாரத்துக்கு ஒன்றுதான் (ஹவுரா என்பது கொல்கத்தாவுக்கு எதிர்க்கரை ஸ்டேஷன்). அது ஒத்துவராவிட்டால் சென்னை போய் கோரமண்டல் எக்ஸ்பிரஸ். அதுவும் இப்போ ஹவுரா போகாது, பக்கத்து ஷாலிமார் ஸ்டேஷனோடு சரி. இங்கேயிருந்து சென்னைக்கு ஓர் இரவு, அங்கேயிருந்து ஒரு நாளுக்கு மேலே. திரும்பவும் அதே கணக்கு. மிச்சம் எத்தனை மணி நேரம் என்று நீங்களே கூட்டிப் பாருங்க. சென்னைக்கு சாயங்காலம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறினா காலையில் இறங்கிடலாம்.

குழித்துறைக்காரன்:
இறங்கி எதைப் பார்க்க, அண்ணே? மதிலையா? ஜார்ஜ் கோட்டைக்குள் தலைமைச் செயலகம், ஹைகோர்ட்டில் வழக்கு, ரிப்பன் மாளிகையில் மாநகராட்சி. எல்லாம் வேலை நடக்கிற ஆபீஸாக்கும். கேட்டுக்கு வெளியே நின்னு போட்டோ எடுக்கணும், அவ்வளவுதான்.

1911 வரை நாட்டுக்கே தலைநகரம் கொல்கத்தா. 1906-ல் அடிக்கல் போட்டு 1921-ல் திறந்த விக்டோரியா நினைவகம், 1814-ல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகம், எல்லாத்துக்கும் டிக்கெட் எடுத்து உள்ளே போகலாம். சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம் 1767-ல் திறந்தது. சமாதி ஒவ்வொண்ணும் கோபுரம் கணக்கா நிக்கும். கல்லில் உள்ள வயசைப் படிச்சுக்கிட்டே நடந்தா, எத்தனை பேர் சின்ன வயசிலேயே காய்ச்சலில் போனாங்க என்று புரியும். பாடப்புத்தகத்தில் இது வராது.

தக்கலை:
கோட்டைக்குள் போக முடியாது என்று யார் சொன்னது? அடையாள அட்டையைக் காட்டி, பையைச் சோதனைக்குக் கொடுத்தா விடுவான். சட்டசபை நடக்கிற நாளில்தான் கெடுபிடி. எழும்பூரில் கடற்கரை லோக்கல் ஏறினா பார்க், அடுத்தது கோட்டை ஸ்டேஷன். ரோட்டைத் தாண்டினா கோட்டைதான். உங்க கொல்கத்தா ஃபோர்ட் வில்லியம் ராணுவத்தின் கையில். அங்கே யார் யாரை உள்ளே விடுகிறான்?

உள்ளே புனித மேரி தேவாலயம், 1680. சுவர் 4 அடி கனம், கூரை மரமே இல்லாத வளைவுக் கட்டு, 2 அடி கனம். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கணும் என்றே கட்டினது. முற்றத்தில் குனிந்து பாருங்க, கால் வைக்கிற தரையே கல்லறைக் கல். லத்தீனிலும் போர்த்துகீசியத்திலும் எழுத்து. பழைய சட்டக் கல்லூரி வளாகம் இருக்கிற இடத்தில் இருந்த பழைய கல்லறைத் தோட்டத்துக் கற்கள் இவை. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுக்காரன் அந்தச் சமாதிகளுக்குப் பின்னால் பதுங்கிச் சுட்டான், அதனால்தான் அங்கே இருந்து பெயர்த்து இங்கே கொண்டு வந்தது. ராபர்ட் கிளைவ் 1753-ல் கல்யாணம் பண்ணினதும் இதே கோவிலில்தான்.

கோட்டாறு அக்கா:
ரெண்டு பேரும் சண்டையில் முக்கியமானதை விட்டுட்டீங்க. கோட்டை மியூசியத்துக்கும் எழும்பூர் மியூசியத்துக்கும் வெள்ளிக்கிழமை லீவு. வியாழன் ராத்திரி வண்டி ஏறினா பிள்ளைகளுக்கு முதல் நாளே பூட்டின கதவுதான். 1947 ஆகஸ்ட் 15-ல் கோட்டையில் ஏற்றின கொடி கோட்டை மியூசியத்துக்குள்ளே இருக்கு, அதை விட்டுட்டு வரக்கூடாது. கொல்கத்தாவில் விக்டோரியாவும் இந்திய அருங்காட்சியகமும் திங்கள் லீவு. இன்னொண்ணு, எழும்பூரில் சீரமைப்பு வேலை நடக்கிறதால சில வண்டி தாம்பரத்தோடு நின்னுடுது. டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று பார்த்துக்கிடுங்க.

குழித்துறைக்காரன்:
அக்கா சொன்னது சரி. ஆனா ஒரு நகரம் என்பது கோட்டை மட்டுமா? ஹவுரா பாலம் 1943, நட்டு போல்ட் இல்லாமல் ரிவெட்டிலேயே நிக்குது. விடியற்காலம் அதன் அடியில் மல்லிக் காட் பூச்சந்தை. தோவாளையில் பூ பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதைக் காட்டணும். ஹவுராவிலிருந்து படகில் ஆற்றைக் கடந்தா டாக்ஸிக்காரனிடம் பேரம் பேசவும் வேண்டாம். அப்புறம் புனித ஜான் ஆலயத்தில் ஜாப் சார்னாக் சமாதி. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அந்த ஊரில் வந்து குடியேறினவர் கிடக்கிற இடம்.

தக்கலை:
அந்த சமாதிக்கல் எங்கேயிருந்து போச்சு தெரியுமா? பல்லாவரம் பக்கத்திலிருந்து! சார்னாக் சமாதியில் கிடக்கிறதாலதான் அந்தக் கல் இனத்துக்கே சார்னோக்கைட் என்று பேர் வந்தது. அதே இனம் நம்ம மாவட்டக் குவாரிகளிலும் உண்டு. இதுக்கு ஹவுரா வரைக்கும் போகணுமா?

குழித்துறைக்காரன்:
பிள்ளைகள் கல்லை மட்டும் பார்க்கவா போகுதுங்க, அண்ணே? 5 நாளை 8 ஆக்குங்க, கொல்கத்தா தாராளமா நடக்கும். என் ஓட்டு அங்கேதான்.

கோட்டாறு அக்கா:
வடசேரி தம்பி, நாள் கூட்ட முடியாதுன்னா சென்னைதான். புதன் ராத்திரி கிளம்பு. வியாழன் கோட்டை, வெள்ளி ஜார்ஜ் டவுன் தெருக்களும் ஆர்மீனியன் சர்ச்சும், சனி எழும்பூர் மியூசியம். ஒரு டிக்கெட்டில் 6 பேருக்கு மேல் போட முடியாது, ஆக 20 பேருக்கு 4 டிக்கெட். 60 நாளுக்கு முன்னாடிதான் முன்பதிவு திறக்கும். 2 பேர் மட்டும் உள்ள கடைசி டிக்கெட்டில் பெரியவங்க பேரைப் போடு, பெட்டி மாறிப் போனாலும் பிள்ளைகள் தனியா மாட்டாது.